மேலடுக்கில் அளந்த ஹீலியம்: சூரியன், வியாழன், சனி

சூரியனும் வியாழனும் ஒரே சரக்கால் ஆனவை என்ற கூற்றைப் பள்ளிப் பாடநூல் முதல் ஆய்வேடுகளின் முன்னுரை வரை எங்கும் காணலாம். நிறையில் முக்கால் பங்கை ஒட்டி ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், மற்றத் தனிமங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு சிறு பங்கு. முதல் தோராயமாக இதில் பிழை சொல்ல முடியாது. சிக்கல் அந்தக் கால் பங்கில் இருக்கிறது. ஹைட்ரஜனை நாம் பார்க்கிறோம். ஹீலியத்தைப் பெரும்பாலும் கணக்குப் போட்டு வரவழைக்கிறோம். அரிதாக நேரடியாக அளக்க வாய்த்தபோதும் அளந்தது மேலடுக்கை மட்டுமே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுவதும் ஒரே கொதியில் வெந்திருந்தால்தான் செல்லும். சூரியனில் ஹீலியம் அணு அணுவாகக் கீழே இறங்கியிருக்கிறது. வியாழனிலும் சனியிலும் துளிகளாகப் பிரிந்து விழுகிறது என்று கருத வலுவான காரணங்கள் உள்ளன. ஆகவே மேலடுக்கின் ஹீலிய அளவை அந்தப் பொருளின் கலவை எனப் படிக்கக் கூடாது, உள்ளே நடந்த பிரிவினைக்குப் பின் எஞ்சிய மிச்சம் எனப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இப்படிப் படித்தால் பழைய சில முரண்கள் தீர்கின்றன. சனியைப் பொறுத்தவரை நாம் தெரிந்ததாக நினைக்கும் சில தெரியாதவையாகிவிடுகின்றன.

ஹீலியம் முதன்முதலில் தென்பட்டதே மேலடுக்கில்தான். 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதி வழியே சென்றது. பிரான்சின் ழான்சன் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் நோக்கினார்கள். ழான்சன் குண்டூரில் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று இன்றும் பல நூல்கள் எழுதுவது சரியல்ல. சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளிர்கோடுகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க முடியும் என்பதே அவர் அங்கு கண்டது. மஞ்சள் கோட்டை அன்று பலரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அதைச் சோடியத்தின் கணக்கில் எழுதினார்கள். அது சோடியத்தின் இரட்டைக் கோடுகளோடு பொருந்தவில்லை என்பதை அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர்தான் உறுதிப்படுத்தினார். பூமியில் அந்த வாயு ராம்சேயின் கையில் கிடைக்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் நம் வாதத்துக்கு வேண்டியது ஒன்று: கோடு தெரிந்த இடம் ஒளிக்கோளத்துக்கு மேலே இருக்கும் மெல்லிய நிறக்கோளம். சூரிய வட்டத்தின் முகத்தை நேராகப் பிரித்துப் பார்த்தால், இரும்பும் கால்சியமும் ஆயிரக்கணக்கான கருங்கோடுகளாக நிற்கும் இடத்தில், அளவில் இரண்டாவதான ஹீலியம் கண்ணில் படாது.

காரணம் அணுவின் அமைப்பில் இருக்கிறது. ஹீலிய அணுவை அதன் தாழ்நிலையிலிருந்து முதல் கிளர்நிலைக்கு ஏற்றவே 19.8 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 24.6. சுமார் 5,770 கெல்வின் வெப்பமுள்ள ஒளிக்கோளத்தில் இதற்கான ஆற்றல் இல்லை. வெப்பமும் அழுத்தமும் எந்த அணுவை எந்த நிலையில் வைத்திருக்கும் என்பதைக் கணக்கிட வழி வகுத்தவர் மேகநாத் சாகா. 1920-இல் வெளிவந்த அவருடைய சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் நட்சத்திரங்களின் நிறமாலைகளைப் படித்தார். கோட்டின் அழுத்தம் வேறு, தனிமத்தின் அளவு வேறு என்று பிரித்துக் காட்டியதுதான் அவர் செய்த பெரிய வேலை. ஹைட்ரஜனும் ஹீலியமும் மற்றவற்றை விடப் பன்மடங்கு மிகுதி என்று அவருடைய 1925-ஆம் ஆண்டு ஆய்வேட்டின் அட்டவணை சொன்னது. ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. ஆய்வேட்டில் அந்த முடிவு உண்மையாக இருக்க முடியாது என்ற தொனியில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். இந்தக் கதை பெரும்பாலும் ஹைட்ரஜனின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஹீலியத்துக்கு அவர் பெற்ற எண் வெப்பம் மிகுந்த நட்சத்திரங்களின் கோடுகளிலிருந்து வந்தது என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை. சூரியனின் ஹீலியத்துக்கு அப்போதும் சாட்சி கிடைக்கவில்லை.

சூரியனிலிருந்து வரும் பொருளையே பிடித்து அளந்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் ஓர் அலுமினியத் தகட்டை 77 நிமிடங்கள் விரித்து வைத்து, சுருட்டி எடுத்து வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் அதில் பதிந்திருந்த சூரியக் காற்றின் ஹீலியத்தையும் நியானையும் பிரித்தார்கள். ஐசோடோப்புகளின் விகிதங்களுக்கு அந்தத் தகடு அருமையான ஆவணம். ஹீலியத்தின் மொத்த அளவுக்கு அது உதவாது. சூரியக் காற்றில் ஹைட்ரஜன் அணுக்களோடு ஒப்பிட்டால் ஹீலியம் சராசரியாக நூற்றுக்கு நான்கு. சூரியச் செயல்பாடு அடங்கிய ஆண்டுகளில் மெதுவான காற்றில் இரண்டுக்கும் கீழே போகிறது. ஒளிக்கோளத்திலோ அது நூற்றுக்கு எட்டரையை ஒட்டி இருக்கிறது. காற்றாகக் கிளம்பும்போதே கடினமாக அயனியாகும் கனத்த ஹீலியம் பின்தங்கிவிடுகிறது. விண்கற்களும் கைகொடுக்காது, மந்த வாயுக்களைப் பாறை பிடித்து வைப்பதில்லை.

எட்டரை என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒலியிலிருந்து. சூரியன் சுமார் ஐந்து நிமிட அலைவுக்காலத்தில் ஆயிரக்கணக்கான பாங்குகளில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. மேற்பரப்பிலிருந்து ஆரத்தின் இரண்டு விழுக்காடு ஆழத்தில், ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் கீழே, ஹீலியம் தன் இரண்டாவது எலக்ட்ரானை இழக்கிறது. அந்த அடுக்கில் வாயுவை அமுக்கினால் ஆற்றலின் ஒரு பங்கு அயனியாக்கத்துக்குச் செலவாகிவிடுவதால் வெப்பம் வழக்கம்போல் ஏறுவதில்லை. ஒலியின் வேகத்தில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் ஆழம் ஹீலியத்தின் அளவைப் பொறுத்தது. இந்த வழியில் சர்பானி பாசுவும் எச். எம். ஆன்டியாவும் பெற்ற நிறைப்பங்கு சுமார் 0.248. சூரியனின் ஹீலியத்தைப் பற்றி நம்மிடம் உள்ள மிக நம்பகமான எண் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் இது வெப்பச்சலன அடுக்கின் எண். அந்த அடுக்கு ஆரத்தில் வெளிப்புற மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நிறையிலோ நூற்றில் இரண்டரைதான்.

மிச்சத் தொண்ணூற்றேழரை விழுக்காட்டுக்கு மாதிரியை நம்ப வேண்டியிருக்கிறது. ஹீலியம் கூடினால் துகள்களின் சராசரி எடை கூடும், நட்சத்திரத்தைத் தாங்க மையம் இன்னும் சூடாக வேண்டும், வெளிச்சம் கூடும். ஆகவே 457 கோடி ஆண்டுகளுக்குப் பின் இன்றைய ஒளிர்வைத் தரும்படி தொடக்க ஹீலியத்தைத் திருகிச் சரிசெய்வது மாதிரியாளர்களின் வழக்கம். விடை 0.26-க்கும் 0.28-க்கும் இடையில் வருகிறது. இன்று மேலடுக்கில் காணும் 0.248-ஐ விட இது தெளிவாக அதிகம். வித்தியாசத்தை விளக்குவது ஈர்ப்பால் ஏற்படும் படிவு: வெப்பச்சலன அடுக்கின் அடியிலிருந்து ஹீலிய அணுக்கள் மிக மெதுவாகக் கீழே நழுவுகின்றன, சூரியனின் வயதில் மேலடுக்கு தன் ஹீலியத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்தப் படிவைச் சேர்த்த பிறகுதான் மாதிரிகளின் ஒலிவேகம் அளவீட்டோடு ஒட்டியது. மையத்திலோ நேர்மாறு: அணுக்கரு இணைவால் அங்கு ஹைட்ரஜன் பாதியாகக் குறைந்து, நிறையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஹீலியம் ஆகிவிட்டது. ஆக, ஒரே சூரியனில் ஹீலியத்துக்கு மூன்று எண்கள்: பிறந்தபோது ஒன்று, இன்று மேலே ஒன்று, இன்று நடுவில் ஒன்று. வியாழனோடு எதை ஒப்பிடுவது என்பது இங்கே முடிவாக வேண்டும். ஒப்பிடத்தக்கது பிறந்தபோதைய எண் மட்டுமே. அதையோ யாரும் அளந்ததில்லை.

வியாழனுக்கு வருவோம். 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் ஆய்கலம் வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் பாய்ந்து, பாராசூட்டில் இறங்கி, 57 நிமிடங்களுக்கு மேல் தரவு அனுப்பி, சுமார் 22 பார் அழுத்தத்தில் அடங்கியது. பெரும் வாயுக்கோள் ஒன்றின் ஹீலியத்தை உள்ளேயே போய் அளந்த ஒரே சந்தர்ப்பம் இன்று வரை அதுதான். அதில் ஹீலியத்துக்கென்றே ஒரு கருவி இருந்தது. அது நிறமாலையை நாடவில்லை. வியாழனின் வாயு வழியாகவும் ஒப்பீட்டு வாயு வழியாகவும் இரு ஒளிக்கற்றைகளை அனுப்பி, குறுக்கீட்டுப் பட்டைகள் நகர்வதைக் கணக்கிட்டது. ஒளியை விலக்கும் திறனில் ஹீலியம் ஹைட்ரஜன் மூலக்கூறின் கால் பங்கு அளவே. ஆகவே கலவையின் ஒளிவிலகல் எண் தெரிந்தால் விகிதம் தெரிந்துவிடும். எளிய இயற்பியல், பழைய உத்தி, மிகத் துல்லியமான விடை. ஹைட்ரஜனும் ஹீலியமும் சேர்ந்த நிறையில் ஹீலியம் 0.238, பிழை எல்லை 0.005. ஆய்கலத்தின் நிறைநிறமாலைக் கருவியும் இதையே சொன்னது. ஆய்கலம் விழுந்த இடம் மேகம் வற்றிய ஒரு வறண்ட பகுதி என்பதால் அங்கு அளந்த நீரின் அளவை அன்று முதல் இன்று வரை சந்தேகிக்கிறார்கள். ஹீலியம் அங்கே உறைவதும் இல்லை, மேகமாவதும் இல்லை. அந்தச் சந்தேகம் அதைத் தொடாது.

பிறந்தபோதைய சூரிய மேகத்தின் எண்ணை இதே முறையில், கன தனிமங்களை ஒதுக்கிவிட்டுச் சொன்னால், எந்த மாதிரியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து 0.266 அல்லது 0.277 வரும். வியாழனின் மேலடுக்கில் குறைவது 0.03-ஆ 0.04-ஆ என்ற ஐயம், ஆகவே, வியாழனிடமிருந்து வரவில்லை. சூரியனில் ஆக்சிஜனும் கார்பனும் எவ்வளவு என்று இன்னும் ஓயாத விவாதத்திலிருந்து வருகிறது. கோள் ஆய்வாளர்கள் சூரிய எண்ணைக் கல்லில் செதுக்கியது போல எடுத்தாள்வது எனக்கு எப்போதும் வியப்புதான். சூரியனைச் சாராத ஒரு சாட்சியும் உண்டு. பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உருவான ஹீலியத்தின் பங்கு 0.247. அதன்பின் நட்சத்திரங்கள் ஹீலியத்தைக் கூட்டியிருக்கின்றன, குறைத்ததில்லை. விண்மீனிடை வாயு இந்தத் தளத்துக்குக் கீழே போக வழியில்லை. வியாழனின் மேலடுக்கோ இந்தத் தளத்துக்கும் சற்றுக் கீழே நிற்கிறது. பிழை எல்லையை நினைத்தால் இந்த இடைவெளி குறுகியதுதான். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

தீர்ப்பை எழுதியது நியான். வியாழனில் ஆர்கான், கிரிப்டான், செனான் மூன்றும் சூரிய அளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கின்றன. நியான் மட்டும் பத்தில் ஒரு பங்கே. மந்த வாயுக்கள் பொதுவாகவே கோளில் சேரவில்லை என்று சொல்லி இதைத் தள்ள முடியாது, ஆர்கான் நேரெதிராக நிற்கிறது. ஹீலியத் துளிகள் உருவானால் நியான் அவற்றில் கரைந்து கீழே போய்விடும் என்று ரோல்ஸ்டனும் டேவிட் ஸ்டீவன்சனும் ஆய்கலம் இறங்குவதற்கு முன்பே 1995-இல் கணித்திருந்தார்கள். 2010-இல் வில்சனும் மிலிட்சரும் குவாண்டக் கணக்கீடுகளால், நியான் உலோக ஹைட்ரஜனை விட ஹீலியத்தையே நாடும் என்றும், ஆர்கானுக்கு அந்த நாட்டம் இல்லை என்றும் காட்டினார்கள். ஹீலியத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால் அது கணக்குப் பிழையாகவும் இருக்கலாம். அதனோடு நியானில் பத்தில் ஒன்பது பங்கும் மறைந்திருக்கிறது என்றால் ஏதோ ஒன்று அதை ஏந்திக்கொண்டு போயிருக்கிறது.

அது எப்படி நடக்கிறது? போதுமான அழுத்தத்தில் ஹைட்ரஜன் உலோகமாகும் என்று விக்னரும் ஹண்டிங்டனும் 1935-இல் சொன்னார்கள். திரவ ஹைட்ரஜன் 140 கிகாபாஸ்கல் அதிர்ச்சி அழுத்தத்தில் உலோகம் போல் மின்சாரம் கடத்துவதை லிவர்மோர் ஆய்வகத்தில் 1996-இல் அளந்தார்கள். அது பூமியின் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 14 லட்சம் மடங்கு. வியாழனில் ஆரத்தின் வெளிப்புற ஐந்தில் ஒரு பங்குக்குள்ளேயே அந்த நிலை வந்துவிடுகிறது. அங்கே ஹைட்ரஜனின் எலக்ட்ரான்கள் பொதுச் சொத்தாகிவிடுகின்றன. ஹீலியமோ தன் இரண்டு எலக்ட்ரான்களையும் விடுவதாக இல்லை. கட்டுக்கோப்பான அந்த அணுவைக் கட்டற்ற எலக்ட்ரான்களின் நடுவே இருத்த ஆற்றல் செலவாகிறது. வெப்பம் போதுமானதாக இருக்கும் வரை கலவை தாங்கும். கோள் குளிரக் குளிர ஒரு கட்டத்தில் கரைதிறன் போதாமல் ஹீலியம் மிகுந்த துளிகள் பிரிகின்றன. அவை மழையாக இறங்கி, இன்னும் சூடான ஆழத்தில் மீண்டும் கரைகின்றன. விழுந்த எடைக்குரிய ஈர்ப்பாற்றல் வெப்பமாகிறது. சூரியனின் படிவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்குதான்: அங்கே ஹீலியம் தனி அணுக்களாக நழுவுகிறது, ஒளிர்வில் அதற்குப் பங்கே இல்லை, இங்கே அது கோளின் வரவுசெலவையே மாற்றுகிறது.

வரவுசெலவில் வியாழன் நெடுங்காலம் சங்கடம் தந்தது. ஹீலிய மழை இல்லாத எளிய மாதிரியே வியாழனின் இன்றைய வெப்பத்தைச் சரியான வயதில் தந்துவிட்டது. மழையைச் சேர்த்தால் கோள் வேண்டாத அளவு மெதுவாகக் குளிர்ந்தது. ஆய்கலம் மழையை ஆதரிக்க, வெப்பக் கணக்கு மறுத்தது. தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. காசினி விண்கலம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வியாழனைக் கடந்தபோது எடுத்த தரவுகளை மறுபடி அலசி, 2018-இல் வெளியான ஆய்வு, வியாழன் சூரிய ஒளியில் திருப்பி அனுப்பும் பங்கு பழைய 0.34 அல்ல, 0.50 என்றது. உள்ளே வாங்கும் ஒளி குறைவென்றால், வெளியே போகும் வெப்பத்தில் கோளின் சொந்தப் பங்கு அதிகம்: சதுர மீட்டருக்கு 5.4 வாட்டிலிருந்து 7.5 ஆக உயர்ந்தது. எளிய மாதிரி இப்போது போதவில்லை. மழைக்கு இடம் பிறந்தது. மான்கோவிச்சும் ஃபோர்ட்னியும் 2020-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள்.

ஆய்வகச் சான்றும் உண்டு, ஆனால் அதை நான் ஒரு படி கீழே வைக்கிறேன். 2021-இல் வெளியான சோதனையில், வைர அழுத்தக் கலத்தில் முன்கூட்டியே நெருக்கிய ஹைட்ரஜன்-ஹீலியக் கலவையை ரோச்செஸ்டரின் ஒமேகா லேசரால் தாக்கினார்கள். 93 முதல் 150 கிகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில் பிரதிபலிப்பு தாவியதைப் பிரிவினையின் அடையாளமாகக் கொண்டார்கள். அவர்கள் பெற்ற பிரிவினை எல்லை கணினிக் கணக்கீடுகள் சொல்வதை விட மிக உயர்ந்த வெப்பநிலை வரை நீள்கிறது. அது சரியென்றால் வியாழனின் கணிசமான பகுதியில் மழை பெய்ய வேண்டும். கணக்கீடுகளில் சில சரியென்றால் மழை தொடங்கவே இல்லை அல்லது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதிர்ச்சி அலை நீடிப்பது நானோவினாடிகள்தான். அந்த நேரத்தில் ஒரு கலவை உண்மையிலேயே பிரிந்து முடியுமா என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை.

சனிக்கு வரும்போது நம் கையிருப்பு மெலிந்துபோகிறது. சனி சூரியனிடமிருந்து வாங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தை வெளியிடுகிறது. எளிய மாதிரியில் இத்தனை வெப்பத்தோடு இருக்க அதற்கு 200 முதல் 300 கோடி ஆண்டு வயதுதான் இருக்க வேண்டும். ஹீலிய மழை என்ற கருத்தை 1970-களில் சால்பீட்டரும் ஸ்டீவன்சனும் வளர்த்தெடுத்ததற்கு இந்தப் பற்றாக்குறை ஒரு முக்கியத் தூண்டுதல். வாயேஜர் விண்கலத்தின் அகச்சிவப்பு நிறமாலையையும் வானொலி மறைப்புத் தரவையும் இணைத்து 1984-இல் பெற்ற 0.06 என்ற ஹீலிய எண் கோட்பாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அதே முறை வியாழனுக்குத் தந்தது 0.18, ஆய்கலம் நேரில் கண்டதோ 0.23-க்கு மேல். முறையில் கோளாறு என்று உணர்ந்து அதே ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2000-இல் சனியின் எண்ணை 0.18 முதல் 0.25 வரை என்று திருத்தினார்கள். மழையின் சிறந்த சாட்சியாக இருந்தது ஒரே திருத்தத்தில் மழையே வேண்டாத நிலைக்கு வந்துவிட்டது. காசினியின் தரவுகளைக் கொண்டு பின்னர் செய்த கணிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மான்கோவிச், ஃபோர்ட்னி மாதிரியோ 0.07-ஐ எதிர்பார்க்கிறது.

சனியின் அதிக வெப்பத்தையே மழைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. இது போதாது. உள்ளே கலவை படிப்படியாக மாறும் அடுக்குகள் இருந்தால் வெப்பச்சலனம் துண்டுபட்டு வெப்பம் மெதுவாகவே வெளியேறும். ஹீலிய மழை இல்லாமலே சனி இன்றைய ஒளிர்வைப் பெற முடியும் என்று லெகோன்ட்டும் ஷாப்ரியேயும் 2013-இல் காட்டினார்கள். சனியின் வளையங்களில் பதியும் அதிர்வுகளைக் கொண்டு மான்கோவிச்சும் ஃபுல்லரும் 2021-இல் கண்ட உள்ளகம், ஆரத்தில் அறுபது விழுக்காடு வரை பரவி, கலங்காமல் அடுக்காக நிற்கிறது. லெகோன்ட் பக்கத்துக்கு அது வலுவே. மறுபுறம், சனியின் காந்த அச்சு சுழலச்சிலிருந்து ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கு கூட விலகவில்லை என்று காசினி அளந்தது. ஹீலியம் பிரிந்த, நிலையாக அடுக்கிய ஒரு படலம் காந்தப்புலத்தின் கோணல்களை வடிகட்டிவிடும் என்று ஸ்டீவன்சன் 1980-களின் தொடக்கத்திலேயே சொன்னார். இரு தரப்புச் சான்றுகளும் மறைமுகமானவை. மேலடுக்கின் ஹீலிய எண்ணை நன்கு தெரிந்த உள்ளீடு போல மாதிரிகளுக்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டு, அதைக் கண்டறிய வேண்டிய விடையாக வைப்பதே இப்போதைக்கு நேர்மையான நிலை.

யுரேனசையும் நெப்டியூனையும் இங்கே இழுக்கத் தேவையில்லை. அவற்றின் நிறையில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறுபான்மை, ஹைட்ரஜன் உலோகமாகும் அழுத்தம் வருமுன்பே உள்ளே வேறு பொருள்கள் தொடங்கிவிடுகின்றன. வேறு நட்சத்திரங்களின் கோள்களைப் பற்றி ஒரு சொல் உண்டு. 2018-இல் ஹப்பிள் தொலைநோக்கி வாஸ்ப்-107பி என்ற கோளில் ஹீலியத்தின் 1,083 நானோமீட்டர் கோட்டைக் கண்டது. அதன்பின் பல கோள்களில் அது தெரிந்திருக்கிறது. அந்தக் கோடு காட்டுவது விண்வெளிக்குத் தப்பியோடும் வெளிப்புற வாயுவை. தப்பியோடும் வாயுவில் ஹீலியம் குறைவாக இருந்தால் கோளிலேயே குறைவு என்று பொருளாகாது. கனத்த அணு பின்தங்குவதை அப்பல்லோ தகட்டின் கதையிலேயே பார்த்தோம்.

சனிப் பிரச்சினையைத் தீர்க்க ஓர் ஆய்கலம் போதும். அது ஆழமாகவும் போக வேண்டியதில்லை. நீரை அளக்க வேண்டுமென்றால் பத்துப் பார் அழுத்தத்தையும் தாண்டி இறங்க வேண்டும். ஹீலியம், நியான், ஆர்கான் மூன்றும் சனியில் எங்கும் உறையாதவை என்பதால் ஓரிரண்டு பார் ஆழத்திலேயே அளந்துவிடலாம். ஹீலியம் 0.1-க்குக் கீழும், நியான் வியாழனில் இருப்பதை விடக் குறைவாகவும், ஆர்கான் சூரிய அளவுக்குக் குறையாமலும் இருந்தால், சனியில் மழை நீண்ட காலமாகப் பெய்து வருகிறது. வெப்பத்தின் பெரும்பங்கு அதனுடையது. ஹீலியம் 0.2-ஐத் தாண்டி, நியானும் சூரிய அளவிலேயே நின்றால், மழையைக் கைவிட்டு அடுக்குகளிடம் போக வேண்டியதுதான். ஹீலியம் நடுவில் எங்கோ நின்று நியான் மட்டும் வற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. அப்போது எது எத்தனை பங்கு என்பதைப் பிரிக்க, சூரியன் பிறந்தபோது அதில் இருந்த ஹீலியத்தின் அளவு மூன்றாவது தசம இடம் வரை வேண்டியிருக்கும்.